தோல்முட்டை போட்டு முடங்கிய முட்டைக்கோழி: ஒரு நிகழ்வு ஆய்வு

கோழி, பி.வி. 380 என்ற பெயரில் விற்கும் பழுப்பு நிற முட்டைக்கோழி. வயது ஒன்றரை வருடத்துக்கு மேல். இடம், கருங்கலுக்கும் குளச்சலுக்கும் நடுவே என் சித்தி வீட்டுப் பின்முற்றம். காலம் ஆடி, விட்டு விட்டு மழை. சித்தி போனில் சொன்னது இவ்வளவுதான்: "சவம் மூலையில போய் நிக்குது மக்களே. நடக்கவும் மாட்டேங்குது, தீனியும் எடுக்கல்ல. பக்கத்து வீட்டுல அறுத்துரச் சொல்லுதாவ."

நான் கால்நடை மருத்துவம் படித்தவன் இல்லை. வீட்டில் எப்போதும் கொஞ்சம் கோழி நிற்கும், அந்தப் பழக்கம்தான். ஊசி, மருந்து எல்லாம் மருத்துவர் முடிவு செய்தவை, அதனால் மருந்தின் அளவை இங்கே எழுதப்போவதில்லை. மற்றதை எல்லாம் முழுதாக எழுதுகிறேன். கம்பிக்கூண்டு வாங்கி ரெண்டு மூணு முட்டைக்கோழி விட்டிருக்கும் வீடுகள் நம் மாவட்டத்தில் தெருவுக்குத் தெரு இருக்கின்றன, அங்கெல்லாம் இந்தக் கோழிக்கு நடந்தது நடக்க எல்லா வாய்ப்பும் உண்டு.

முன்கதை

சித்தி வீட்டில் கோழி மூன்று. இரண்டு பி.வி., ஒன்று நாட்டுப் பெட்டை. முதலில் எல்லாமே அவிழ்த்து விட்டுத்தான் வளர்ந்தன. அடுத்த வீட்டுக்காரர் கீரை போட்டார், கோழி போய்க் கிளறியது, சண்டை வந்தது, பி.வி. இரண்டும் கூண்டுக்குள் போயின. நாட்டுப் பெட்டையை யாராலும் அடைக்க முடியவில்லை. அது மதில் ஏறிப் பலாமரத்துக்குப் போய்விடும். இந்த விவரம் சும்மா சொல்லவில்லை, நோயின் காரணத்தில் பாதி இதில்தான் இருக்கிறது.

தீனி மூன்றுக்கும் ஒன்றுதான். காலையில் பழையது. மத்தியானம் மீன்குழம்பு பட்ட மிச்சச் சோறு. மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) அவிக்கிற அன்றைக்கு அதன் துண்டும் தோலும். சாயங்காலம் ஒரு கை பொடியரிசி. தேங்காய் ஆட்டிவிட்டு வந்தால் புண்ணாக்கு. ஆட்டுக்குப் பலா இலை பறிக்க மரத்தில் ஆள் ஏற்றும் வீட்டில்கூட கோழிக்கு என்று தனியாக எதையும் யாரும் யோசிப்பதில்லை, மிச்சம் இருந்தால் கோழிக்கு என்பதுதான் நம் ஊர் வழக்கம்.

கேட்கக் கேட்கச் சித்திக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. கொஞ்ச காலமாகவே முட்டை ஓடு மெலிந்திருந்தது, எடுக்கும்போதே விரல் பட்டு உடைந்தது. அப்புறம் கூண்டில் உடைந்த முட்டை கிடந்தது, கோழியே அதைக் கொத்தித் தின்றது. அதற்கும் அப்புறம் தோல்முட்டை, அதாவது ஓடே இல்லாமல் வெறும் சவ்வு மட்டும். மழைக்கு அப்படித்தான் போடும் என்று விட்டுவிட்டார். பிறகு முட்டையே இல்லை, கோழி மூலைக்குப் போய்விட்டது.

பார்த்தது

உடம்பைச் செங்குத்தாக நிமிர்த்தி, வாலைத் தாழ்த்தி, இறக்கையைத் தொங்கவிட்டு நின்றது. கண் பாதி மூடியிருந்தது. கொண்டை வெளிறி ஒரு பக்கம் மடிந்து கிடந்தது. கொஞ்ச நேரம் தொந்தரவு செய்யாமல் தள்ளி உட்கார்ந்து பார்த்தால் வால் மட்டும் மேலும் கீழும் அசைவது தெரிந்தது, முக்குகிற அசைவு. எச்சம் ரொம்பக் குறைவு, வெள்ளையாகக் கொஞ்சம், அதுவும் பின்பக்க இறகில் ஒட்டிக் காய்ந்திருந்தது.

கையில் எடுத்தபோது கனமே இல்லை. நெஞ்சு எலும்பு இரு பக்கமும் சதை வற்றி விளிம்பு தட்டியது. அந்த எலும்பின் கீழ்நுனி லேசாக வளைந்தும் இருந்தது, இதைத்தான் நான் அதிகம் கவனித்தேன்.

கழிச்சல் வந்துவிட்டது என்பது பக்கத்து வீட்டுத் தீர்ப்பு. வெள்ளைக்கழிச்சல் நம் ஊரில் கோழிக்கு வரும் பெரிய ஆபத்துதான், மறுக்கவில்லை. ஆனால் அது ஒரு கோழியோடு நிற்பது அபூர்வம். மூச்சு இரைக்கும், பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், தப்பிப் பிழைப்பதில் சிலது கழுத்தைத் திருகிக்கொண்டு சுற்றும். இங்கே மற்ற இரண்டும் வாய்க்கும் வயிற்றுக்கும் குறைவில்லாமல் கொத்திக்கொண்டிருந்தன. (ஒன்றுக்கு மேல் கோழி அடுத்தடுத்து திடீரென்று செத்தால் கதையே வேறு. அப்போது செத்த கோழியைக் கையால் தொடாமல், அறுக்காமல், கால்நடை மருந்தகத்துக்கு உடனே சொல்ல வேண்டும்.)

கழுத்தடியில் இரைப்பையைத் தடவினேன். கல்லாக இறுகவும் இல்லை, புளித்த நாற்றமும் இல்லை, உள்ளே கொஞ்சம் தீனி மட்டும் கிடந்தது. இரைப்பை அடைத்திருக்கிறதா என்று பார்க்க நல்ல நேரம் விடியற்காலை. ராத்திரி முழுக்கத் தீனி எடுக்காத கோழிக்குக் காலையில் அது காலியாக இருக்க வேண்டும். பேன் இருந்தது, ஆனால் இவ்வளவுக்கு ஆக்கும் அளவு இல்லை.

கடைசியில் வயிறு. கால்களுக்கு நடுவே, முட்டை வரும் வாய்க்குக் கொஞ்சம் கீழே, மெதுவாக விரல் வைத்தால் உள்ளே உருண்டையாக ஒன்று தட்டியது. வயிற்றில் நீர் கோத்த கோழியும் இதே மாதிரிதான் நிமிர்ந்து நிற்கும், ஆனால் அதன் வயிறு தண்ணீர் நிரப்பிய பலூனாகத் தளும்பும். இது அப்படியில்லை. முட்டை வழியில் நின்றுவிட்டது. முட்டை அடைப்பு.

இதற்குள் வீட்டில் வைத்தியம் தொடங்கியிருந்தது. நல்லமிளகும் சின்ன உள்ளியும் இடித்து உருட்டி ஒரு உருண்டை உள்ளே போயாகிவிட்டது. இன்னொருவர் மருந்துக் கடையில் இருந்து ஆன்டிபயாடிக் மாத்திரை ஒன்றே வாங்கி வந்துவிட்டார். அதைக் கொடுக்க விடவில்லை. வழியில் நிற்கும் முட்டையை ஆன்டிபயாடிக் வெளியே தள்ளாது, அதோடு அந்த மருந்து முட்டைக்குள்ளும் இறங்கும், எத்தனை நாள் முட்டையைத் தின்னக்கூடாது என்று தெரியாமல் கொடுத்தால் கடைசியில் அது வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் போகும்.

அன்றைக்குச் செய்தது

குழந்தையைக் குளிப்பாட்டும் சூட்டில், முழங்கையை விட்டுப் பார்த்து, ஒரு பழைய பிளாஸ்டிக் தொட்டியில் வெந்நீர். கோழியின் வயிறும் பின்பக்கமும் மூழ்க, தலை வெளியே நிற்க, கால்மணி நேரத்துக்கு மேல் பிடித்துக்கொண்டிருந்தோம். தண்ணீர் ஆற ஆறச் சித்தி வெந்நீர் சேர்த்துக்கொண்டே இருந்தார். முதலில் திமிறியது, பிறகு கண்ணை மூடித் தலையைத் தொங்கப் போட்டது. "செத்துட்டு, செத்துட்டு" என்று ஒரே கூச்சல். சாகவில்லை, சூட்டுக்கு இதமாகச் சாய்ந்துவிட்டது, நிறையக் கோழி இப்படித்தான் செய்யும். வெளியே எடுத்து இறகின் அடிவரை துவட்டி, அட்டைப்பெட்டியில் வைக்கோல் போட்டு, மேலே ஒரு பல்பைத் தொங்கவிட்டு, காற்றடிக்காத இடத்தில் வைத்தோம். மழை நாளில் நனைந்த கோழியை அப்படியே விட்டால் குளிரே முடித்துவிடும், அதனால் துவட்டுவதில் அவசரப்படக் கூடாது.

முட்டை வாயில் சுத்தமான தேங்காய் எண்ணெய் தடவினோம், கையுறை போட்டு, விளிம்பில் மட்டும். வயிற்றை அமுக்கிப் பிதுக்குவது கண்டிப்பாகக் கூடாது. ஓடு மெலிந்த முட்டை உள்ளே உடைந்தால் வயிற்றுக்குள் சீழ் வைக்கும், அதற்கப்புறம் கோழி பிழைப்பது கடினம். இதைச் சொல்லியும் ஒருவர் "நான் எத்தனை கோழிக்குப் பிதுக்கியிருக்கேன்" என்று கையை நீட்டினார். சித்தி விடவில்லை.

மருத்துவர் சாயங்காலம் பார்த்தார். விரல் வைத்துப் பார்த்து முட்டை அடைப்புதான் என்றார், கால்சியம் ஊசி போட்டார், வாய்வழியாகக் கொடுக்கக் கால்சியமும் வைட்டமின் டி3-யும் சேர்ந்த சொட்டு மருந்து எழுதினார். ஒரு நாளைக்குள் வராவிட்டால் திரும்பக் கொண்டுவரச் சொன்னார். நெஞ்சு எலும்பு வளைந்திருப்பதைத் தொட்டுப் பார்த்துவிட்டு அவர் கேட்ட ஒரே கேள்வி, "என்ன தீனி குடுக்கிறீங்க?"

விடியுமுன் முட்டை வந்திருந்தது. ஓடு என்று சொல்ல முடியாது. சாம்பல் கலந்த வெள்ளை, தொட்டால் குழியும் தோல், ஒரு நுனியில் மட்டும் மணல் தூவியது மாதிரி சுண்ணாம்புப் பொருக்கு, நடுவில் இறுகிய சுருக்கம். கோழி பெட்டியின் மறு மூலையில் எழுந்து நின்று தண்ணீர் குடித்தது.

ஏன் நின்றது

இந்தப் பகுதிக்குத்தான் நான் எழுதவே உட்கார்ந்தேன்.

ஒரு முட்டை ஓட்டில் ஏறக்குறைய 2 கிராம் கால்சியம் இருக்கிறது. கோழியின் மொத்த உடம்பில் உள்ள கால்சியமே 20 கிராம் அளவுக்குத்தான், அதில் பெரும்பகுதி எலும்பு. அப்படியானால் ஒவ்வொரு முட்டைக்கும் தன் உடம்புக் கால்சியத்தில் பத்தில் ஒரு பங்கைக் கோழி வெளியே கொடுக்கிறது. தின்கிற கால்சியத்தில் பாதிக்குக் கொஞ்சம் கூடுதலாகத்தான் உடம்பில் சேரும், அதனால் நாள்தோறும் முட்டையிடும் கோழிக்குத் தீனியில் நாளுக்கு 4 கிராம் பக்கம் வேண்டும். முட்டைக்கோழிக்கென்றே விற்கும் லேயர் தீவனத்தில் 3.5 முதல் 4 சதவீதம் கால்சியம் இருப்பதும், கோழி ஒரு நாளைக்கு 110 கிராம் பக்கம் தின்பதும் இந்தக் கணக்குக்குச் சரியாக வரும்.

சோற்றுக்கு வருவோம். 100 கிராம் அரிசியில் கால்சியம் 10 மில்லிகிராம் பக்கம். கிராம் இல்லை, மில்லிகிராம். அதுவும் அரிசியாக இருக்கும்போது. சோறானால் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர். இரைப்பை நிறையச் சோறு தின்ற கோழி வயிறு நிறைந்து நிற்கும், போதிய புரதமும் கிடையாது, கால்சியமும் கிடையாது. மரச்சீனி அதைவிட மோசம், கிட்டத்தட்ட வெறும் மாவு. பச்சையான மரச்சீனித் தோலில் விஷச்சத்து வேறு இருக்கிறது, அதைக் கோழிக்குப் போடவே வேண்டாம். தேங்காய்ப் புண்ணாக்கில் 20 சதவீதம் அளவுக்குப் புரதம் உண்டு, ஆனால் முட்டைக்குத் தேவையான லைசின் என்ற புரதக்கூறு அதில் குறைவு. ஆடி மழையில் ஈரம் பட்டுப் பூசணம் பிடித்த புண்ணாக்கு என்றால் ஈரலையே கெடுக்கும்.

தீனியில் வராத கால்சியத்தைக் கோழி எலும்பிலிருந்து எடுக்கிறது. முட்டைக்கோழியின் எலும்புக்குள் இதற்கென்றே ஒரு சேமிப்பு உண்டு. அது தீர்ந்தால் தாங்கும் எலும்பே கரையத் தொடங்கும். நெஞ்சு எலும்பு வளைவதும் காலில் வலு போவதும் அப்படித்தான். ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் தசை சுருங்காது. முட்டையை வெளியே தள்ளுவது தசைதான். போதாக்குறைக்கு, முட்டையும் கெட்டியான ஓடு இல்லாமல் குழைந்து நிற்கிறது, தசைக்குப் பிடிமானம் கிடைப்பதில்லை. முட்டையின் ஓடு, அதைத் தள்ளும் தசை, இரண்டும் ஒரே காரணத்தால் கெட்டன.

சித்தியின் எதிர்க்கேள்வி நியாயமானது. "அதே சோறுதானே நாட்டுக்கோழியும் திங்குது, அதுக்கு ஒண்ணும் இல்லையே?" உண்மைதான், அது தளதளவென்று இருந்தது. ஆனால் நாட்டுப் பெட்டை வருடத்துக்கு 60, 80 முட்டை போடும். கொஞ்சம் போட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடும், குஞ்சோடு சுற்றும், மாதக்கணக்கில் ஓய்வு. பி.வி. 280 முட்டை வரை போடும் என்று சொல்லியே விற்கிறார்கள், அடைக்கும் உட்காராது. அதற்கு மேல், நாட்டுப் பெட்டை தின்பது சோறு மட்டும் என்று யார் சொன்னது? பலா மூட்டில் கறையான், சாணக்குழியில் புழு, நத்தை, புல், சுவரில் உதிர்ந்த காரை எல்லாம் அதற்கு உண்டு. வெயிலும் படுகிறது, வெயில் பட்டால்தான் டி3 உடம்பில் உண்டாகும், அது இல்லாமல் தின்ற கால்சியமும் சேராது. கூண்டுக் கோழிக்கு மேலே தகரமும் தார்ப்பாயும். பறவையை மாற்றிவிட்டுத் தீனியை மாற்றாமல் விட்ட குறை இது. வித்த இடத்தில் தடுப்பூசிச் சீட்டு கொடுத்தவர்கள் தீனி பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

தீனியை மாற்றியது

முதல் சில நாள் லேயர் தீவனத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் குழைத்து, கொஞ்சம் வேகவைத்த முட்டை மஞ்சள் கரு சேர்த்துக் கொடுத்தோம். மருத்துவர் சொல்லி, பகலிலும் பெட்டியைக் கொஞ்சம் இருட்டாகவே வைத்தோம். வெளிச்சம் குறைந்தால் முட்டை உருவாவது நிற்கும், உடம்பு தேற நேரம் கிடைக்கும். கொஞ்ச நாளில் இறகும் உதிர்த்தது, அது நல்லதுக்கே.

பிறகு நிரந்தர ஏற்பாடு. காலையில் லேயர் தீவனம், அதுதான் சாப்பாட்டின் பெரும்பகுதி. கடையில் சில்லறையாகக் கிலோ கணக்கில் கிடைக்கிறது, ரெண்டு கோழிக்கு மூட்டை வாங்கி மழையில் பூசணம் பிடிக்க விட வேண்டாம். பிராய்லர் தீவனம் வாங்கிவிடக் கூடாது, அதில் கால்சியம் ஒரு சதவீதம் பக்கம்தான். மத்தியானம் முருங்கை இலை, அகத்தி, சாக்கடைத் தண்ணீர் படாத கீரைத்தண்டு, எது கிடைக்கிறதோ அது. சோறு நிற்கவில்லை, சித்திக்கு அது மனசு கேட்காது. ஆனால் தீவனம் தின்று முடித்த பிறகு, சாயங்காலம் ஒரு கைப்பிடி மட்டும், குழம்பு படாதது. மீன்குழம்பின் உப்பு கோழிக்கு ஆகாது, கருவாடும் அப்படியே. சாளைத் தலையும் நெத்தோலியும் உப்பில்லாமல் வேகவைத்து எப்போதாவது கொடுத்தால் நல்ல புரதம், முள்ளில் கால்சியமும் உண்டு. நாள்தோறும் கொடுத்தால் முட்டை மீன் வாடை அடிக்கும்.

இனிச் சிப்பி ஓடு. குளச்சல், கடியபட்டணம் பக்கம் பாறையில் மூழ்கி எடுக்கும் சிப்பியைத் தின்றுவிட்டு ஓட்டைக் குவித்துப் போட்டிருப்பார்கள், காசு கிடையாது. நன்றாகக் கழுவி, ஒரு கொதி விட்டு, வெயிலில் காயவைத்துச் சாக்குப் பைக்குள் போட்டு அம்மிக்குழவியால் இடித்தோம். மாவாக இடிக்கக் கூடாது, துவரம்பருப்பு அளவுக்கு நிற்க வேண்டும். காரணம் இருக்கிறது. ஓடு உருவாக 20 மணி நேரம் பக்கம் ஆகிறது, அதில் பெரும்பகுதி ராத்திரி, கோழி தீனி எடுக்காத நேரம். தூள் சீக்கிரம் கடந்து போய்விடும். பருக்கையாக இருந்தால் அரைவைப்பையில் தங்கி ராத்திரி முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். இதைத் தீவனத்தில் கலக்காமல் தனிக் கிண்ணத்தில் வைத்தோம், வேண்டிய கோழி வேண்டிய அளவு எடுத்துக்கொள்ளும். முட்டையிடாத குஞ்சுக்கும் சேவலுக்கும் இவ்வளவு கால்சியம் சிறுநீரகத்துக்குக் கேடு, கலந்து வைத்தால் எல்லாமே தின்றாக வேண்டியதாகிவிடும்.

வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பையே கரைத்து வைத்தால் என்ன என்று கேட்டார்கள். நீற்றிய சுண்ணாம்பு வாயையும் குடலையும் பொத்துவிடும். தெளிந்த நீரை மட்டும் வைத்தாலும், ஒரு லிட்டரில் கரைந்து நிற்பது ஒரு கிராம் கால்சியத்துக்கும் குறைவு. கோழி குடிக்கும் கால் லிட்டரில் எவ்வளவு வரும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டு முட்டை ஓடும் ஆகும், கழுவி வறுத்து நொறுக்கினால் போதும். முட்டை வடிவம் தெரியாத அளவுக்கு நொறுக்க வேண்டும், இல்லாவிட்டால் முட்டை கொத்தும் பழக்கம் திரும்பும்.

கூண்டு இருந்த இடத்தையும் மாற்றினோம், காலை வெயில் ஒரு பக்கம் படுகிற மாதிரி. கீரைக்காரரோடு பேசி, சாயங்காலம் கொஞ்ச நேரம் வலைக்குள் அவிழ்த்து விட ஏற்பாடு. குடல்புழு மருந்து மருத்துவர் தேதி குறித்துக் கொடுத்தார், அந்த நாட்களின் முட்டையைத் தின்ன வேண்டாம் என்றும் சொன்னார்.

பின்னர்

நடை முதலில் சரியானது. கொண்டை சிவக்க நேரம் எடுத்தது, புது இறகு வந்த பிறகுதான் நிறம் திரும்பியது. முட்டை திரும்பத் தொடங்கியபோது முதல் முட்டையின் ஓட்டில் சிறு சிறு பருக்கள், தடவினால் சொரசொரப்பு, ஆனால் ஓடு கெட்டி. அடுத்தடுத்து வந்தவை வழவழப்பாக வந்தன. இப்போது நாள்தோறும் போடுவதில்லை, விட்டு விட்டுத்தான். நெஞ்சு எலும்பு வளைந்தது வளைந்ததுதான், அது நிமிராது.

இரண்டாவது பி.வி.க்கு எந்தத் தொந்தரவும் தெரியாமல் இருந்தது, ஆனால் அதன் முட்டையையும் எடுத்துப் பார்த்தால் ஓடு மெலிவுதான். சிப்பிக் கிண்ணம் வைத்த அன்று முதலில் ஓடிப்போய்க் கொத்தியதும் அதுதான்.

மருத்துவர் ஒன்று சொல்லிவிட்டார். வயது ஏற ஏற முட்டை பெரிதாகும், கால்சியம் சேர்வது குறையும், அதனால் இந்தக் கோழிக்கு அடைப்பு திரும்பவும் வரலாம். வந்தால் வெந்நீர்த் தொட்டியோடு நிற்காமல் அன்றைக்கே கொண்டுவர வேண்டும். பிப்ரவரியில் கால்நடைத் துறை நடத்தும் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாமுக்கு மூன்றையும் கொண்டு போகச் சொன்னார், நாட்டுப் பெட்டை உட்பட. அதைப் பிடிக்க யார் மதில் ஏறுவது என்பதுதான் சித்தி வீட்டில் இப்போதைய பேச்சு.